கேன்வாஸின் பின்பக்கம்

சட்டையின் மேல் பொத்தான்கள் நான்கும் மாட்டிக்கொண்டன. கீழே இருந்த மூன்றும் மசியவில்லை. கடைசி ஒரு மாதத்தில் அவருக்குக் கையும் காலும் குச்சியாக வற்றிப்போய், வயிறு மட்டும் நீர் கோத்து ஊதியிருந்தது. நாத்தனார் துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உயிரோடு இருக்கிறவன் என்றால் மூச்சை உள்ளே இழுடா என்று சொல்லலாம்.

“வேற சட்டை இருக்கா?”

“இருக்கறதுலயே இதுதான் பெருசு அண்ணி.”

“அப்போ முதுகுப் பக்கம் வெட்டிடு. மல்லாந்து படுத்திருக்கறவன் முதுகை யாரு பார்க்கப்போறா?”

அவர் மனைவி உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். சமையலறையில் ஒன்று இருந்தது. கைக்கு வந்ததென்னவோ கேன்வாஸ் வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். நாத்தனார் தம்பியைத் தோளோடு அணைத்துத் தூக்கிப் பிடிக்க, அவள் காலரிலிருந்து கீழ் நுனிவரை ஒரே இழுப்பில் வெட்டினாள். அந்த ஆட்டத்தில் இடுப்பில் கிடந்த போர்வை நழுவியது. நாத்தனார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே கையால் துழாவி இழுத்துப் போர்த்தினாள்.

மனைவி முகத்தைத் திருப்பவில்லை. பழக்கதோஷம். விலா எலும்புக்குக் கீழே தோல் நேற்று மாலை இருந்ததைவிடச் சாம்பல் பூத்திருந்தது. மஞ்சள் காவியில் கொஞ்சம் கறுப்பும் துளி பச்சையும் விட்டால் இந்த நிறம் வரும் என்று மனம் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. சீ, நானும் ஒரு பெண்டாட்டியா என்று இருந்தது அவளுக்கு. வெட்டிய சட்டையை இரண்டு பக்கமும் முதுகுக்கடியில் மடித்துவிட்டாள். முன்பக்கம் பார்க்க எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

நேற்று மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் போனது. இன்று காலை உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கட்டில் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும். மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை.

கதவைத் திறந்துவிட்டதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் வயிற்றுக்குள் புகுந்து வந்தவர். கூட வேலை செய்கிறவர்கள் கையில் தொப்பியைச் சுருட்டி வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு ஆசிரியைகள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அங்கே ஓவிய ஆசிரியை. அதனால்தான் அவர் அவளை டீச்சர், டீச்சர் என்றே கூப்பிடுவார், கோபம் வந்தால்கூட.

வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். எப்படி ஆச்சு? பதில் சொன்னவள் நாத்தனார். தம்பிக்கு நாலு வயதில் அம்மா போனபோது அவளுக்குப் பதினான்கு. அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணம் பண்ணி வைத்தவள். தனக்கென்று ஒன்றும் பண்ணிக்கொள்ளவில்லை. இருபத்தேழு வருடமாக ஒரே மருந்துக்கடையில் நின்று, டாக்டர்களின் கோழி கிண்டிய எழுத்தைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள்.

“நான்தான் கொன்னேன்” என்று அவள் ஆரம்பிப்பாள். “மே மாசம் கடைக்கு வந்தான். உடம்பெல்லாம் அரிக்குது அக்கான்னான். கூட்டம் நெரியுது. நிமிர்ந்து மூஞ்சியைக்கூடப் பார்க்கலை. அரிப்பு மாத்திரை ஒரு அட்டை குடுத்து, சோப்பை மாத்துடான்னு அனுப்பிட்டேன். ஒரு தடவை கண்ணைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பித்தநீர் போற வழியில கட்டி. அது அடைச்சா முதல்ல அரிக்கும், கண்ணு மஞ்சளாகும். எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சொல்றவ நான். மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா ஆபரேஷன் பண்ணியே எடுத்திருக்கலாம்னு டாக்டர் சொல்றார். ஜூலையில சொல்றார். கணக்குப் பண்ணிப் பாருங்க.”

வந்தவர்கள் கணக்குப் பண்ணுவார்கள். மே, ஜூன், ஜூலை. சரியாக வராது, ஆனாலும் துக்க வீட்டில் யார் வாதாடுவது? நீங்க என்ன பண்ணுவீங்க, விதி என்பார்கள். நாத்தனார் தலையில் அடித்துக்கொள்வாள். அடுத்த ஆள் வருவார். மறுபடியும் மே மாதத்திலிருந்து ஆரம்பமாகும்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியம் போதும். இல்லை அண்ணி, உங்கள் மேல் தப்பே இல்லை, அது மே மாதத்தில் ஆரம்பிக்கவில்லை என்று ஒரு வாக்கியம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டர், “மஞ்சள் எப்போலேர்ந்து இருக்கு?” என்று கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். “ரெண்டு வாரமா இருக்கும்” என்று சொன்னாள். சொன்ன பொய் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் தைரியம் இல்லை. அந்தப் பெரிய மனுஷி தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை இவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. அதன் கதவு மூடியிருந்தது. அங்கே பத்தொன்பது படங்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பத்தொன்பதிலும் கட்டிலில் கிடக்கிற இதே மனிதர், பிறந்த மேனியாக.

இருபது வருடமாக அவளுக்கு ஒரே ஒரு ஆசை. மனித உடம்பை உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். கல்லூரியில் படித்தபோது உட்கார்வதற்கு ஆள் வைத்து வரையச் சொல்லித் தந்தார்கள். படிப்பு முடிந்த பிறகு யார் வருவார்கள்? கேட்ட தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கூலிக்கு வந்த ஒருத்தி மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு நின்றுகொண்டாள். போன வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வெறும் கேன்வாஸைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, அவர் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“இவ்வளவுதானா விஷயம்? நாள் பூரா லிஃப்ட் குழியில தொங்கறவன் நான். ஒரு நாற்காலியில மூணு மணி நேரம் குந்த முடியாதா?”

“துணி இல்லாம உட்காரணும்.”

“உனக்குத் தெரியாத சமாச்சாரம் என்ன இருக்கு இங்க?”

தெரியாததுதான் அதிகம் இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகியும் அவள் அவரைப் பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கருவிப் பையைச் சுமந்து சுமந்து வலது தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. முழங்கைக்குக் கீழே வெயிலில் வறுத்த நிறம். மேலே சட்டைக்குள் ஒளிந்திருந்த வேறு நிறம். கழுத்துக்குப் பின்னால் குழந்தையின் தோல் மாதிரி ஓர் இடம். அவர் கூச்சப்பட்டார். வெட்கத்தை மறைக்க வாய் ஓயாமல் பேசினார். அக்கா வந்துவிட்டால் என்ன சொல்வது என்று கவலைப்பட்டார். அரை மணி நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். வரைகிறவளுக்கு அது வசதி. தூங்குகிற உடம்பு பொய் சொல்லாது.

அக்கா வந்தாள்தான். சில ஞாயிறுகளில் வந்து, கதவு மூடியிருப்பதைப் பார்த்து, “உள்ள என்ன கூத்து நடக்குதோ, எனக்கு எதுக்கு” என்று சமையலறைக்குப் போய்விடுவாள். அந்த அறையில் ஒரு தடவைகூட அவள் கால் வைத்ததில்லை.

ஜனவரியில் ஒரு கலைக்கூடத்தின் நடத்துநர் அம்மா ஏழு படங்களைப் பார்த்துவிட்டு, ஆகஸ்டில் தனிக் கண்காட்சி என்றாள். பத்தொன்பது படம் வேண்டும். ஒரே மனிதன், ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல். ஐம்பது வயதில் முதல் கண்காட்சி. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் வேலை செய்யும் இடத்தில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். என்ன படம் என்று கேட்டவர்களிடம் மட்டும் இயற்கைக் காட்சி என்று சொல்லிவைத்தார்.

பிப்ரவரியில்தான் அந்த மஞ்சள் வந்தது. முதலில் விலாவோரம், பிறகு நெற்றியில், பிறகு கண்ணின் வெள்ளையில். மெல்லியது, சில வாரம் கூடும், சில வாரம் குறையும். இதுவரை அவள் வரைந்த தோல் எல்லாம் தோல் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இந்த மஞ்சள் வந்த பிறகு உள்ளே விளக்கு வைத்தது போல் ஆகிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் பிடித்தாள். அவரும் மெலிந்துகொண்டு வந்தார். எலும்பு தெரிய ஆரம்பித்தது. வரைகிறவளுக்கு எலும்பு தெரிந்தால் கொண்டாட்டம். “இப்பதான் வடிவமே வருது” என்று சொன்னாள், அவரிடமே. அவர் அடிக்கடி தொடையையும் தோளையும் சொறிந்தார். அசையாதீங்க என்று திட்டினாள். பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, சொறிகிற கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

மஞ்சள் வந்ததற்கு அடுத்த ஞாயிறே, உட்காருவதற்கு முன்னால் ஜன்னலருகே போய் நின்று, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார்.

“டீச்சர், கண்ணு மஞ்சளா இருக்கான்னு பாரு. கூட இருக்கறவன் ஒருத்தன் சொல்றான், போய் டாக்டரைப் பாருன்னு.”

பார்த்தாள். மஞ்சளாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுச் சுவருக்கு அந்த ஜனவரியில் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். காலை வெயில் அதில் பட்டு இந்த அறைக்குள் அடிக்கும்.

“எதிர்வீட்டுச் சுவரு வெளிச்சம். அது பட்டா எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும்.”

“அவன் லிஃப்ட் ரூம்ல வச்சுச் சொன்னானே?”

“அங்க இருக்கற பல்பு மட்டும் என்ன, வெள்ளையா?”

அவர் சிரித்தார். “அதானே. கலர் தெரிஞ்சவ நீயா, அவனா?” என்று நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நிறம் பொருளின் சொந்த நிறமா, மேலே பட்ட வெளிச்சமா என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தாளும் நிறம் மாறினால் வெளிச்சம். தாள் வெள்ளையாகவே இருந்தால் பொருள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் வருடாவருடம் சொல்லிக் கொடுப்பது இது. அன்றைக்கு மேசை மேல் கட்டுக் கட்டாக வெள்ளைத் தாள் இருந்தது. அவள் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இந்தப் பதினாறு நாளும் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். மறந்துவிட்டேன் என்று ஒரு நாள் தோன்றும். இன்னும் பதினோரு படம் பாக்கி இருந்ததே என்று மறுநாள் தோன்றும். அந்த இரண்டாவது எண்ணம் வரும்போது எழுந்து வராந்தாவில் நடக்க ஆரம்பிப்பாள்.

பதினொன்றரை மணிக்குக் கலைக்கூட நடத்துநர் அம்மா வந்தாள். கண்காட்சிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. இருந்தும் அதைப் பற்றிப் பேச அவள் வரவில்லை, நல்ல மனுஷி. கட்டிலருகே தலைகுனிந்து நின்றாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

“கண்காட்சி இப்போ வேண்டாம்னா தள்ளி வச்சுக்கலாம். நீங்க எப்போ சொல்றீங்களோ அப்போ. ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன். அவர் எங்கயும் போகலை. அந்தப் படங்கள்ல இருக்கார். பிப்ரவரியிலேர்ந்து வரைஞ்சீங்களே, உடம்பெல்லாம் ஒரு மஞ்சள்... போட்டோவுல பார்த்ததுக்கே எனக்குச் சிலிர்த்துப்போச்சு.”

நாத்தனார் பக்கத்தில்தான் இருந்தாள். கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“என்ன மஞ்சள்?”

நடத்துநர் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “படத்துல அக்கா. அவர் தோல்ல, கண்ணுல. ரொம்ப அபூர்வமான நிறம்.”

நாத்தனார் எழுந்து நேரே அந்த அறைக்குப் போனாள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் உடம்பு வருவதற்கு முன், ஆட்கள் யாராவது பையையும் செருப்பையும் வைக்க அந்த அறைக்குள் வரக்கூடும் என்று பத்தொன்பது படங்களையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிற நினைப்பு மட்டும்தான் அப்போது இருந்தது. பின்பக்கம் வெளியே தெரியும் என்று யோசிக்கவில்லை. ஒவ்வொரு கேன்வாஸின் பின்னாலும் அன்றன்றைய தேதியையும், கலந்த நிறங்களையும், தோன்றியதையும் பென்சிலில் எழுதி வைப்பது அவள் வழக்கம்.

அவள் உள்ளே போனபோது நாத்தனார், வரைவதற்கு அவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேறு நாற்காலி அங்கே இல்லை. எதிரே வரிசையாகப் பழுப்புத் துணியும் மரச்சட்டமும்.

“கதவைச் சாத்து.”

சாத்தினாள்.

“பின்னாடி என்னவோ எழுதியிருக்க. எனக்குக் கண்ணாடி கூடத்துல கிடக்கு. அவனைப் பத்தியா?”

“கலர் குறிப்பு அண்ணி. ரெண்டு வரி அவரைப் பத்தியும் இருக்கும்.”

“படி. முதல்லேர்ந்து படி. அவனைப் பத்தி யாராவது ஏதாவது சொல்லக் கேக்கணும் போல இருக்கு. வந்தவங்க எல்லாரும் நோயைப் பத்தியே கேக்கறாங்க.”

அவள் குனிந்து முதல் படத்தின் பின்னால் இருந்ததைப் படித்தாள். “அக்டோபர் எட்டு. உடல்: வெள்ளை, செங்காவி, துளி நீலம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாக்ஸை மட்டும் கழற்ற மாட்டேன் என்கிறார். குளிருகிறதாம். சாக்ஸோடு வரைந்தேன்.”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள், கூடத்தில் கேட்டுவிடும் என்று. “சின்னப் பிள்ளையிலும் அப்படித்தான். குளிப்பாட்டும்போது எல்லாத்தையும் கழட்டிடுவான், இடுப்புக் கயித்தை மட்டும் தொட விடமாட்டான். அப்புறம்?”

மூன்றாவதில் அவர் தூங்கி விழுந்த கதை இருந்தது. ஐந்தாவதில் பாதியில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஓடியது. நாத்தனார் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். இரண்டு நாளில் அவள் முகம் இப்போதுதான் மனித முகமாக இருந்தது. அதைப் பார்க்கப் படிக்கிறவளுக்கு அழுகை முட்டியது. இப்படியே பத்தொன்பதையும் படித்துவிடலாம். வேண்டாத வரிகளைத் தாண்டிவிடலாம். கண்ணாடி இல்லாதவளுக்கு எது தெரியப்போகிறது?

எட்டாவது படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தாண்டத்தான் நினைத்தாள். ஆனால் வாய் எழுத்தின் பின்னாலேயே போயிற்று.

“பிப்ரவரி பதினொன்று. உடல்: வெள்ளை, மஞ்சள் காவி, துளி பச்சை. சிவப்பு வேண்டவே வேண்டாம். கண்ணின் வெள்ளையிலும் இதே மஞ்சள். இதுவரை வந்ததிலேயே அழகான நிறம், போவதற்குள் பிடித்துவிட வேண்டும். சொறிந்துகொண்டே இருக்கிறார். அசைய வேண்டாம் என்று திட்டினேன்.”

கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தெருவில் ஒரு வண்டி பின்னால் வருகிற சத்தம் கேட்டது.

“தேதியை மறுபடியும் சொல்லு.”

“பிப்ரவரி பதினொன்று.”

“மாத்திரைக்கு என்கிட்ட வந்தது மே மாசம்.”

“ஆமா அண்ணி.”

“அப்பவே சொறிஞ்சானா?”

“ஆமா.”

நாத்தனார் விரலை மடக்கி எண்ணவில்லை. எண்ணுவதற்கு அதில் ஒன்றுமில்லை. டாக்டர் சொன்ன மூன்று நாலு மாதமும் அதற்கு மேலும் அங்கே இருந்தது.

“அவன் உன்னைக் கேட்டானா?”

“கேட்டார். அடுத்த வாரம். கண்ணு மஞ்சளா இருக்கான்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்ன?”

“எதிர்வீட்டுச் சுவரு வெளிச்சம்னு சொன்னேன்.”

“தெரியாம சொன்னியா?”

“எனக்குத் தெரியலை அண்ணி.”

“என்ன தெரியலை?”

“தெரியாமத்தான் சொன்னேனான்னு தெரியலை.”

சொல்லிவிட்டாள். முள் வெளியே வந்துவிட்டால் வலி குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை. நாத்தனார் எழுந்து வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். நாத்தனார் அவளைத் தாண்டிக் குனிந்து, எட்டாவது படத்தின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி வைத்தாள்.

முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் தம்பி அம்மணமாக உட்கார்ந்திருந்தான். ஒரு கை தொடைக்கடியில். தலை கொஞ்சம் சாய்ந்து, வரைகிறவளைப் பார்த்து, முடிஞ்சுதா டீச்சர் என்று கேட்கப்போகிற மாதிரி ஒரு பார்வை. அந்தக் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் எவ்வளவோ பொறுமையாக, அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருந்தது. நாத்தனார் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் போய், மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்தாள். தலையிலிருந்து பாதம்வரை பார்த்தாள். இடுப்பெலும்பின் மேல் காசு அளவுக்கு ஒரு பழைய தழும்பு. அதனருகே விரலைக் கொண்டுபோய்த் தொடாமல் நிறுத்தினாள்.

“வெந்நீர் கொட்டினது. என் கை தவறித்தான். அஞ்சு வயசு அவனுக்கு.” விரலை மடக்கிக்கொண்டாள். “இதைக்கூட நீ விடலையே. எல்லாத்தையும் பார்த்திருக்க.”

அவள் முழங்காலிட்டபடியே ஏறிட்டுப் பார்த்தாள்.

“அண்ணி, நான் எதையும் அனுப்பலை. கண்காட்சி வேண்டாம். எல்லாத்தையும் எரிச்சுடறேன்.”

“ஏன் எரிக்கணும்?” நாத்தனாரின் குரல் கடைக் கவுன்டரில் நின்று பேசுகிற குரலாக இருந்தது. “அரிப்பை அடக்கிக்கிட்டு உட்கார்ந்தானே, எதுக்கு? அனுப்பு. ஒண்ணு விடாம அனுப்பு. வர்றவங்க கேப்பாங்க இல்ல, இது என்ன நிறம்னு. அங்க நின்னு சொல்லு.”

திருப்பிய படத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனாள்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூடத்துக்கு வந்தபோது வண்டி வந்து நின்றிருந்தது. நடத்துநர் அம்மா சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தாள். அவருடைய பழைய மேற்பார்வையாளர், ஓய்வு பெற்றவர், மூச்சிரைக்க அப்போதுதான் உள்ளே வந்து கட்டிலுக்கு முன்னால் நின்றார். “எப்படிம்மா? திடகாத்திரமான ஆளாச்சே. எப்படி ஆச்சு?” என்று கேட்டார்.

கேட்டது நாத்தனாரை. அவள் நாத்தனாருக்குப் பின்னால் நின்றாள். இப்போது அண்ணி சொல்லப்போகிறாள். இத்தனை பேருக்கு நடுவில், அவர் தலைமாட்டில். சொல்லட்டும் என்று இருந்தது. யாராவது ஒருவர் வாயால் அது வெளியே வந்து, எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்த்துவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது.

“மே மாசம் கடைக்கு வந்தான்” என்றாள் நாத்தனார். “அரிக்குது அக்கான்னான். நான்தான் மாத்திரை குடுத்து அனுப்பிட்டேன்.”

“அண்ணி” என்றாள் அவள். “அண்ணி, அப்படி இல்ல. நான் சொல்றேன்...”

நாத்தனார் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது. “நீ சும்மா இரு” என்றாள். பிறகு வந்தவரிடம், “ஆஸ்பத்திரியில பதினாறு நாள் தூங்காம கிடந்தவ. என்ன பேசறோம்னே அவளுக்குத் தெரியாது” என்றாள்.

மேற்பார்வையாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பெண்கள் இரண்டு பேர் வந்து அவள் தோளைப் பிடித்து உட்காரச் சொன்னார்கள். நாத்தனார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கூட்டம் நெரிந்தது, நிமிர்ந்து பார்க்கவில்லை, சோப்பை மாற்றச் சொன்னேன். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. தம்பியை வளர்த்தது மாதிரியே அவன் சாவையும் தனியாளாகத் தூக்கிக்கொண்டு போகப்போகிறாள். அதில் இவளுக்குப் பங்கு தர மாட்டாள். மன்னிப்போ தண்டனையோ இவள் கேட்டு வாங்குவதற்குக்கூட இனி யாரும் இல்லை. பதினாறு நாள் பயந்தது இதற்கா என்று இருந்தது. பயமாவது துணைக்கு இருந்தது.

வண்டிக்காரர் வாசலில் வந்து நின்று மணியைப் பார்த்தார். கூட வேலை செய்தவர்கள் நான்கு பேர் தொப்பியைப் பைக்குள் செருகிக்கொண்டு கட்டிலின் நாலு மூலைக்கும் போனார்கள். தூக்குங்க என்று ஒருவர் சொன்னார். கனமே இல்லையே என்று இன்னொருவர் தன்னையறியாமல் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கட்டில் போகிற அகலத்துக்கு வாசல் கதவின் மற்ற பாதியையும் திறந்தார்கள். நண்பகல் வெயில் கூடத்தின் பாதிவரை வந்தது. அவரை அதற்குள் கொண்டுபோனார்கள். முகத்தின் மேல் வெளிச்சம் முழுதாக விழுந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.